வெறும் சம்படமும் தளர்வு எண்ணும்

“உங்கள் வலது காலின் கட்டைவிரலைக் கவனியுங்கள். அது தளர்கிறது... தளர்கிறது...” என்று காதுக்குள் ஒரு பெண் குழைந்துகொண்டிருந்தாள்.

என் கட்டைவிரல் ஒன்றும் தளரவில்லை. காலையில் நிலைப்படியில் இடித்துக்கொண்டது, விண்விண் என்று தெறித்தது. சரி, இடது காலையாவது தளர விடுவோம் என்று போனால், கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. அடுப்பிலிருந்து குக்கர், குக்கரிலிருந்து அதை இரவல் வாங்கிப் போன நாத்தனார். காதுக்குள் இருந்தவள் காலில் தொடங்கி நெற்றிக்கு வந்து சேருவதற்குள், மூன்று வருடத்துக்கு முன்னால் நாத்தனாரோடு போட்ட சண்டையை முதலிலிருந்து போட்டு, இந்தத் தடவை ஜெயித்தும் விட்டேன்.

நான் படுத்திருந்த பாய் கிணுகிணுத்தது. இருபது நிமிடம் முடிந்தது. தலைமாட்டில் சிவப்பாக எண் எரிந்தது: 41.

“நாப்பத்தொண்ணுங்க்கா,” என்றார் நிரஞ்சன். கோயம்புத்தூர்க்காரர். கம்பெனியின் தளர்வு அலுவலர். அப்படி ஒரு வேலை இருக்கிறது, அதற்கு ஒரு படிப்பும் இருக்கிறது. “ஏனுங்க்கா இத்தனை இறுக்கம்? மனசை அப்படியே விட்டுறோணுங்க.”

“விட்டுட்டுத்தான் சார் கெடந்தேன். பல்லைக் கடிச்சிக்கிட்டு விட்டுட்டுக் கெடந்தேன்.”

“இது ரெண்டாவது தடவைங்க. இன்னொருக்கா எழுபதுக்குக் கீழ போச்சுன்னா நாற்காலி போயிருமுங்க.”

சொல்லிவிட்டு, நாளைக்கு நன்றாகத் தளருங்கள் என்று சிரித்தார். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு தாலாட்டுப் பாடினால் எவள் தூங்குவாள்?

அந்த நாற்காலி எனக்கு உயிர். கல்யாணத்துக்கு முன்னால் உப்பளத்தில் உப்பு வாரினவள் நான், சுயம்புக்கனி. இன்று குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் நாற்பது டன் பெட்டியைத் தூக்கி, கப்பலில் தீப்பெட்டி வைக்கிற மாதிரி வைக்கிறேன். ஏழாம் எண் கிரேன் என்னுடையது. நான் வைக்கிற பெட்டி சத்தம் போடாது. கடைசி ஒரு முழத்தில் ஒரு நொடி நிறுத்தி, மூச்சு விட்டு, பிறகு வைப்பேன். அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து நாத்தனார் முகத்தைப் பார் என்றால் நான் செத்துப்போவேன்.

பாய் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய பீச் ரோட்டைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு தூத்துக்குடிக்குத் தெற்கே எழும்பிய புதுத் துறைமுக முனையம் எங்களுடையது. கிரேன்கள் தாமாகவே ஓடக்கூடியவைதான். எங்கேயோ ஒரு நாட்டில் தானாக ஓடின கிரேன் ஓர் ஆளின் மேல் பெட்டியை இறக்கிவிட்டதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு மனிதக் கண்ணும் கையும் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்தக் கண்ணும் கையும் நாங்கள் பன்னிரண்டு பேர். மனிதக் கண் என்றால் மத்தியானச் சோறு உள்ளே போனதும் சொருகும். அதற்குத்தான் பாய். பிடரியில் ஒட்டிக்கொண்டு, மனசு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளந்து, இறங்கினவரை இன்னும் கீழே தள்ளிவிடும். எண் எழுபதைத் தொட்டால்தான் மத்தியானத்துக்கு மேல் கிரேனின் பூட்டுத் திறக்கும்.

முதல் கூட்டத்தில் நிரஞ்சன் எல்லாவற்றையும் விளக்கினார். “இருபது நிமிசம் ஆழமாத் தளர்ந்தீங்கன்னா நாலு மணி நேரம் தூங்கின மாதிரிங்க. இனிமே யாருக்கும் களைப்பே கெடையாதுங்க.”

எங்களில் மூத்தவர் தங்கப்பாண்டி அண்ணாச்சி கையைத் தூக்கினார். “அப்போ வேலைய சுருக்கா முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிரலாம், என்னா?”

“இல்லீங்கண்ணா. எட்டு மணி நேரத்துக்குப் பதிலா பதிமூணு மணி நேரம் பார்க்கலாமுங்க.”

“சொகமில்லேன்னா லீவு?”

“எண் எழுபதுக்கு மேல இருந்தா ஒடம்பு தெளிவா இருக்குன்னு அர்த்தமுங்க. தெளிவா இருக்கறவங்களுக்கு லீவு எதுக்குங்க?”

கேட்கும்போது எல்லாம் நியாயம் மாதிரியேதான் இருந்தது. கையெழுத்துப் போட்டோம்.

அண்ணாச்சிக்கு முதல் நாளே தொண்ணூற்றிரண்டு வந்தது. ‘இம்மாதத்தின் சிறந்த தளர்வாளர்’ என்று அவர் போட்டோவைச் சுவரில் மாட்டினார்கள். விழாவுக்கு வந்திருந்த அவர் சம்சாரம் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இருவத்தாறு வருசமா வீட்டுல இதைத்தான செஞ்சிக்கிட்டு இருக்காரு, இதுக்குப் போயி போட்டோவா?” என்றாள்.

எனக்குப் பக்கத்து நாற்காலி சலேத் மேரி. என் வயதுதான், முப்பத்தொன்பது. ஒரே வருடத்தில் பயிற்சிக்கு வந்தவர்கள் நாங்கள். அவளுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகியும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும். அவளுக்கு எண் எப்போதும் எழுபத்தைந்து, எழுபத்தாறு.

எனக்கு நாற்பத்தொன்று வந்ததற்கு மறுநாள் மத்தியானம், சலேத் என் எவர்சில்வர் சம்படத்தைத் திருப்பித் தந்தாள். போன வாரம் அதில் முந்திரிக்கொத்து போட்டுக் கொடுத்திருந்தேன். மூடியில் ‘சு.கனி’ என்று பேர் வெட்டின சம்படம், என் கல்யாணச் சீர். வாங்கும்போதே கனமில்லை. திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

“என்னட்டி இது?”

“சம்படம்.”

“அது தெரியுது. உள்ள என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“அதத்தான் கேக்கேன். ஒருத்தி வீட்டுப் பாத்திரத்த வெறுமன திருப்பிக் குடுப்பாளா? ஒரு பிடி சீனி இல்லையா ஒன் வீட்டுல?”

சலேத் தன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். “இல்ல. போட்டி அங்கிட்டு,” என்றாள்.

எங்கள் ஊரில் ஆளை அடித்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், பாத்திரத்தை வெறுமனே திருப்பினால் பொறுக்கமாட்டார்கள். பத்து நிமிடம் நான் நிறுத்தவேயில்லை. அவள் வளர்ப்பு, அவள் அடுப்பங்கரை, அவள் மாமியார் கை நீளம், அவள் வைக்கிற மீன்குழம்பின் நாற்றம் எல்லாம் வரிசையாக வந்தன. நிரஞ்சன் ஓடிவந்து விலக்கி, ஆளுக்கொரு பாயில் படுக்க வைத்தார்.

அதிசயம்! காதுக்குள் இருந்தவள் கட்டைவிரல் என்றாள். எனக்குக் கட்டைவிரலே இல்லை. அடுப்பு இல்லை, நாத்தனார் இல்லை. துணியை அடித்துத் துவைத்துப் பிழிந்து கொடியில் போட்ட மாதிரி காற்றில் ஆடிக்கொண்டு கிடந்தேன். பாய் கிணுகிணுத்தது. 83.

சலேத் எழுந்து உட்கார்ந்து என் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றெரிச்சலில் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பாத்திரத்தை எப்படி அனுப்ப வேண்டும் என்று அவளுக்குப் பாடம் நடத்தவே, மறுநாள் அதே சம்படத்தில் முறுக்கை அமுக்கி நிறைத்துக் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தேன். அதற்கடுத்த நாள் அது வெறுமனே வந்தது.

“ஏட்டி, வெக்கமா இல்ல?”

“ஒன் முறுக்கத் தின்னு எங்க வீட்டுக்காரருக்குப் பல்லு ஆடுது. சம்படத்துல என்னத்தப் போட, அந்தப் பல்லையா?”

அன்றைக்கு எண்பத்தாறு. இப்படியே இரண்டு மாதம் நடந்தது. நான் நிறைத்து அனுப்புவேன், அவள் வெறுமனே திருப்புவாள். மணி ஒன்று பத்துக்குச் சண்டை, ஒன்றரைக்குப் பாய். அவள் வாயும் நாளுக்கு நாள் கூர்மையாகிக்கொண்டே வந்தது. என் எண் எண்பத்தெட்டைத் தொட்டது. அவளுடையது எழுபத்தாறிலிருந்து எழுபத்துமூன்று, எழுபத்தொன்று என்று இறங்கியது. பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்வானேன், நன்றாக வேண்டும் அவளுக்கு என்றுதான் நினைத்தேன்.

இதற்கு நடுவில், முதல் மாதத்திலேயே, நிரஞ்சன் கண்ணில் இது பட்டுவிட்டது. சண்டை போட்டால் எண் ஏறுகிறது என்று தலைமை அலுவலகத்துக்குப் பெரிய அறிக்கை அனுப்பினார். அங்கே ஏழு பேர் உட்கார்ந்து யோசித்து, பதினைந்தே நாளில் ‘வழிகாட்டப்பட்ட சினம்’ என்று ஒரு பயிற்சி வந்து இறங்கியது. இரண்டிரண்டு பேராகப் பாயில் எதிரெதிரே உட்கார வேண்டும். காதுக்குள் அதே பெண், அதே குழைவு.

“உங்கள் எதிரில் இருப்பவரின் ஒரு குறையைக் கவனியுங்கள். கோபம் எழுகிறது... எழுகிறது...”

தங்கப்பாண்டி அண்ணாச்சி தன் எதிரில் இருந்தவரைப் பாவமாகப் பார்த்தார். “நான் இவர என்னத்தச் சொல்ல? நல்ல மனுசன்லா,” என்றவர், அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிப்போனார். பாய்க்குத் தூக்கம் ஆகாது, தளர்வு மட்டும்தான். பூச்சியம் போட்டுவிட்டது. அன்று மத்தியானம் எட்டு கிரேன் நின்றது. பயிற்சியை மூட்டை கட்டினார்கள்.

ஆனாலும் விட மனசில்லை அவர்களுக்கு. ஒரு வாரத்தில் நிரஞ்சன் கையில் பலகைக் கணினியோடு என் நாற்காலிக்கு வந்தார். நாளுக்கு நாலு காப்பி குடித்துக் கண் சிவந்திருந்தது. அலுவலர்களுக்குப் பாய் கிடையாது.

“அக்கா, மேல இருந்து உத்தரவுங்க. நீங்களும் சலேத் அக்காவும் எப்பவும் ஒரே ஷிப்ட்ல இருக்கோணுமாம். சமாதானம் மட்டும் ஆயிரக்கூடாதாமுங்க.”

“அவகூட நான் சமாதானம் ஆவனா? நல்லா இருக்கு கத!”

“அதுக்கில்லீங்க. மூல காரணத்தைக் கண்டுபிடிச்சு அதைப் பாதுகாக்கோணுமாம். சண்டை என்னைக்குத் தொடங்குச்சுங்க?”

“எனக்கு நாப்பத்தொண்ணு வந்ததுக்கு மறுநாளு.”

“அப்ப மார்ச் பதினொண்ணுங்க. அதுக்கு முன்னாடி அவங்க பக்கம் ஏதாச்சும் இருக்குதான்னு...” என்று திரையைத் தள்ளிக்கொண்டே போனவர், ஓர் இடத்தில் நின்றுவிட்டார். முகம் ஒருமாதிரி ஆனது. “ஒண்ணுமில்லீங்க்கா” என்று மூடப் போனார்.

ஒன்றுமில்லை என்று ஒருவர் மூடினால் நான் சும்மா இருக்கிற ஜாதியா? பிடுங்கிப் பார்த்தேன்.

மார்ச் பத்து. சலேத் மேரி. விடுப்பு: மூன்று நாள். காரணம்: ‘வயிற்றில் இருந்தது தங்கவில்லை.’ அதன் கீழே பதில்: ‘இன்றைய தளர்வு எண் 76. விடுப்பு தேவையில்லை.’

நான் அதை மூன்று தடவை படித்தேன். மார்ச் பத்தாம் தேதி அவள் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் என் நாற்பத்தொன்றை நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அவள்தான் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் நான் அவளிடம் ஒரு பிடி சீனி இல்லையா என்று கேட்டேன். சாவு விழுந்த துட்டி வீட்டிலிருந்து யார் எதைப் போட்டு அனுப்புவார்கள்? எனக்கு என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

“இன்னொண்ணுங்க்கா,” என்றார் நிரஞ்சன் மெதுவாக. “சண்டைல உங்க எண் ஏறுதுங்க. அவங்க எண் இறங்குதுங்க. அவங்களுக்கு இதுல ஒரு பிரயோசனமும் இல்லீங்க. அப்புறம் எதுக்கு தினமும் வந்து வம்பு இழுக்கறாங்கன்னுதான் எனக்குப் புரியலைங்க.”

எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் மணி ஒன்று பத்து. சலேத் வந்து சம்படத்தை என் மேசையில் டங்கென்று வைத்தாள். “இந்தா ஒன் ஓட்டச் சம்படம்.”

நான் மூடியைத் திறக்காமல் சம்படத்தையே பார்த்தேன்.

“என்னட்டி முழிக்க? திட்டு.” குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். “மணி ஆவுதுட்டி. இன்னும் ஒரு தடவ கீழ போச்சுன்னா ஒன் நாற்காலி போயிரும். திட்டு.”

“நீ ஏன் எங்கிட்ட சொல்லல?”

அவள் முகம் மாறியது. “என்னத்த?”

“மார்ச் பத்தாம் தேதிய.”

அறையில் மற்ற பத்துப் பேரும் எங்கள் சண்டையை வேடிக்கை பார்க்கச் சோற்றுப் பாத்திரத்தோடு திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். சலேத் அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“சொல்லி? முப்பது நாள் கழியட்டும், சீனி போட்டு குடுத்துட்டு சொல்லுவோம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ என்னக் கிழிகிழின்னு கிழிச்சிட்டுப் போயி எம்பத்துமூணு வாங்குன. சொன்னா நீ அழுவ. அழுதா ஒனக்கு நம்பரு வராது. சரி, என் சங்கடம் ஒருத்தி நாற்காலியவாது காப்பாத்தட்டும்னு விட்டுட்டேன்.”

அப்போது வந்தது எனக்குக் கோபம். இரண்டு மாதமாகப் போட்டதெல்லாம் சண்டையே இல்லை.

“யாருட்டி ஒங்கிட்ட கேட்டா? பன்னெண்டு வருசம் கழிச்சு வந்தது போயிருக்கு. எங்கிட்ட சொல்லிருந்தா ஒன் வீட்டு வாசல்ல வந்து விழுந்து கெடந்திருப்பேன்லா! ஒனக்கு கஞ்சி வச்சிக் குடுத்திருப்பேன்லா! அத விட்டுட்டு சீனி இல்லையா சீனி இல்லையான்னு என்னயக் கத்த விட்டு வேடிக்க பாத்திருக்க. என்னய என்ன நெனச்ச நீ? மனுசின்னு நெனச்சியா, நாயின்னு நெனச்சியா?”

“கத்துனா என்ன? நீயாவது கத்துன!” அவளும் கத்தினாள். “வேற எவ எங்கிட்ட வாயத் தொறந்தா? எழுவத்தாறு எழுவத்தாறுன்னு சொல்லிட்டு அவனவன் சோலியப் பாத்துட்டுப் போயிட்டான். அன்னைக்கு நான் தளந்தா கெடந்தேன்? கல்லு மாதிரி கெடந்தேன். கல்லுக்கு எழுவத்தாறு போட்டுருக்கு இந்த சவத்துப் பாயி!”

பாயை ஓர் உதை விட்டாள். அது சுவரில் போய் மோதி, ‘தளருங்கள்’ என்றது.

“பேரு கூட வச்சிருந்தேன்ட்டி,” என்றாள் சலேத். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு மாதத்தில் அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன். நான் அவள் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, அழுகையும் ஏச்சுமாகக் கத்திக்கொண்டே இருந்தேன். யாரும் விலக்க வரவில்லை. தங்கப்பாண்டி அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினார்.

மணி ஒன்றரை. படுத்தோம். அவள் கண்ணை மூடியதும் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆனதை ஓரக்கண்ணால் பார்த்தேன். எனக்குக் கட்டைவிரலும் வரவில்லை, நெற்றியும் வரவில்லை. அந்தப் பேர் என்னவாக இருக்கும் என்றே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

பாய் கிணுகிணுத்தது. சலேத்துக்குத் தொண்ணூற்றுநாலு. எனக்கு முப்பத்தெட்டு.

ஏழாம் எண் கிரேன் திரையில் பூட்டு விழுந்தது.

“அக்கா, பாயே பூட்டிருமுங்க. என் கையில ஒண்ணுமில்லீங்க,” என்றார் நிரஞ்சன். அவர் குரலும் சரியில்லை. “அறிக்கையில காரணம் எழுதோணுங்க. என்னன்னு எழுதட்டுங்க?”

“சம்படம்,” என்றோம் நாங்கள் இரண்டு பேரும்.

அவர் ‘சம்படம்’ என்றே எழுதினார். நல்ல மனிதர். வேறு எதையாவது எழுதியிருந்தால், அடுத்த மாதமே காதுக்குள் அந்தப் பெண் ‘உங்கள் இழப்பைக் கவனியுங்கள்’ என்று குழைந்திருப்பாள்.

என்னைக் கீழே அனுப்பினார்கள். கிரேன் அடியில், தகரக் கூரை போட்ட ஒரு சோதனைக் குடில். லாரியில் வருகிற பெட்டிகளின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று வெயிலில் நடந்து பார்க்கிற வேலை. நாலு நாள் நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. தலைக்கு மேலே ஏழாம் எண் கிரேன் ஓடும் சத்தம் கேட்டால் முத்திரையை இன்னும் குனிந்து பார்த்தேன். இப்போது அதை ஓட்டுவது சலேத். கீழே என் புது வேலைக்குக் கண்ணும் கையும் போதுமாம், ஆழம் வேண்டாமாம். அதனால் பாய் இல்லை. பாய் இல்லாததால் பதிமூன்று மணி நேரமும் இல்லை. சாயந்தரம் ஐந்துக்கு வீட்டுக்குப் போனேன். நாத்தனார் வந்திருந்தாள், குக்கரோடு.

ஐந்தாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் தங்கப்பாண்டி அண்ணாச்சி கிரேன் அடிக்கு வந்து, பெட்டி தூக்கும் இரும்புச் சட்டத்தில் எதையோ கயிறு போட்டுக் கட்டினார். என்ன அண்ணாச்சி என்றேன். “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா,” என்று போய்விட்டார். சட்டம் மேலே போனது. பிறகு மணி அடித்துக்கொண்டு, மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு, பன்னிரண்டு டன் இரும்பு நேராக என் குடிலின் முன்னால் இறங்கியது. லாரிக்காரர்கள் பதறி ஓடினார்கள். தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது ஒரு நொடி நின்றது. மூச்சு விட்டது. பிறகு சத்தமில்லாமல் தரையைத் தொட்டது.

நான் வைக்கிற மாதிரியே வைத்தாள், பாவி.

சட்டத்தின் மூலையில் நைலான் கயிற்றில், மேலே மேசையில் நான் விட்டுவந்த என் சம்படம் தொங்கியது. ‘சு.கனி.’ அவிழ்த்தேன், கை தாழ்ந்தது. மூடியைத் திறந்தபோது சீனி வழிந்து காலில் கொட்டியது. விளிம்பு வரை அமுக்கி அமுக்கி வைத்திருந்தாள். இரண்டு மாதத்துக்கும் சேர்த்து.

சட்டத்தில் ஒரு கேமரா உண்டு. அதன் முன்னால் போய் நின்றேன். கண் மறைத்தது, துடைத்துக்கொண்டேன்.

“ஏட்டி கூறுகெட்டவளே! ஒரு பிடின்னா ஒரு பிடிதான்! இம்புட்டு சீனிய வச்சி நான் என்ன, பாயசம் காச்சி ஊருக்கா ஊத்த?”

கிரேனின் ஒலிபெருக்கி கரகரத்தது. முனையம் முழுக்கக் கேட்டது அவள் குரல். “வாங்கத் தெரிஞ்சா வாங்கு, இல்லன்னா மூடி வச்சிட்டுப் போட்டி! பெரிய இவ!”

மணி ஒன்று பத்து. நானும் விடவில்லை, அவளும் விடவில்லை. ஒன்றரைக்கு அவள் பாய்க்குப் போக வேண்டும் என்பதால் நிறுத்தினோம். தொண்டை வறண்டிருந்தது. ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் போட்டுக்கொண்டு, குடிலில் இருந்த பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துச் சும்மா சாய்ந்தேன்.

எனக்கு எத்தனை வந்தது என்று சொல்ல அங்கே ஆளில்லை. எழுந்தபோது மணி மூன்று. வாசலில் பதினேழு லாரி வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.